தெய்வநாயகியின் கட்டைவிரல்

மூன்றாம் தடவை உருட்டி எடுத்தபோதும் காகிதத்தில் விழுந்தது ஒரு கருப்புத் திட்டுதான். கோடு இல்லை, சுழி இல்லை. உருளைக்கிழங்கை வெட்டி மையில் தோய்த்து அழுத்தினாற்போல மொழுக்கென்று இருந்தது.

அப்துல் சமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பாகூரில் பத்திரம் எழுத உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எத்தனையோ விரலைப் பிடித்து மையில் உருட்டியிருக்கிறார். ஏர் பிடித்துக் காய்த்த விரல், காளவாயில் வெந்த விரல், நெல் அவித்து அவித்துத் தடித்துப்போன விரல். எதிலும் ஓரத்திலாவது நாலு கோடு நிற்கும். ஒன்றுமே இல்லாத விரலை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

விரலுக்குச் சொந்தக்காரி தெய்வநாயகி. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தில் இருப்பவள். நாற்பத்தைந்து வயசிருக்கும். கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல் ஒன்பது வருஷம் ஆகிறது. சார்பதிவாளர் மேசைக்கு முன்னால் கையை நீட்டியபடி நின்றாள். இரண்டடி தள்ளி அவள் கொழுந்தன் தேவநாதன், சலவைச் சட்டையும் கக்கத்தில் தோல் பையுமாக.

விவகாரம் இதுதான். தெய்வநாயகிக்கு அவள் அப்பன் எழுதிவைத்த பதினாறு குழித் தென்னந்தோப்பு ஒன்று கடலூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அவளுக்கு ஆள் துணை இல்லாததால் தேவநாதன்தான் காய் வெட்டிப் பங்கு கொடுத்துவந்தான். தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் கடைகள் முளைத்து, மனை கேட்டு ஆள் வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் தோப்பில் கல் நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினாள். "நீதான அண்ணி மூணு வருசம் முன்னாடி எனக்கே எழுதிக் குடுத்த?" என்று தேவநாதன் பத்திரத்தை நீட்டினான். எழுபத்தெட்டு ஐப்பசியில் பதிந்த பத்திரம். அடியில் கைநாட்டு. "நான் பாகூர் ஆபீஸ் வாசப்படியே மெரிச்சதில்ல" என்று அவள் மனுக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பத்திரத்தை எழுதியவர் அப்துல் சமது. எழுதியதோடு நிற்கவில்லை. 'எழுதிக் கொடுப்பவரை எனக்கு நேரில் தெரியும்' என்ற வரிக்குக் கீழே அடையாளச் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதனால் மனு வந்த நாளிலிருந்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு இந்த மொழுக்கை விரலைப் பார்த்ததும் இறங்காத சோற்றுக்குப் பதில் கோபம் ஏறியது.

"என்னம்மா வேலை பண்றே?" என்று சார்பதிவாளர் கேட்டார். புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்து நாலு மாசந்தான் ஆகியிருந்தது. அவசரப்படாத மனுஷர்.

"எறா கம்பெனில தோலு உரிக்கிறேன் சார். ஐஸ் தண்ணியிலயே கெடக்குறதால கை இப்டி ஆயிப்போச்சி."

தேவநாதன் சிரித்தான். "எறா உரிக்கிற பொம்பளைங்க குப்பத்துல நூறு பேரு இருக்காளுங்க சார். எல்லாருக்குமா ரேக அழிஞ்சி பூட்டுது? சுண்ணாம்பு வெச்சித் தேச்சிருக்கும். பழைய கைநாட்டோட ஒத்துப் போச்சின்னா மாட்டிக்கும்ல?"

"யார்ரா சுண்ணாம்பு வெச்சித் தேச்சது? உன் நாக்குல வெச்சித் தேய்க்கிறேன் வா" என்றாள் தெய்வநாயகி.

சார்பதிவாளர் இருவரையும் கையமர்த்தினார். விரல் தேறினால் நல்ல ரேகையாக எடுத்துப் பழைய பதிவோடு சேர்த்து நிபுணர்களுக்கு அனுப்பலாம், அதற்கு நாற்பத்தைந்து நாள் தவணை, தேறாவிட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு அப்துல் சமதுவைப் பார்த்து, "நீங்க நேரில் தெரிஞ்சவர்தானே? ரேகை நல்லா வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவை நீங்களே எடுத்து வையுங்க" என்றார். 'நேரில் தெரிஞ்சவர்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாரோ என்று அப்துல் சமதுவுக்குத் தோன்றியது. இந்த ஆபீசர் என்னையே சந்தேகப்படுகிறாரா?

மத்தியானம் வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு சம்சாரம் ரஹ்மத் பீவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "பொம்பளைக்கு நெஞ்சழுத்தத்தப் பாரேன். வெரலையே அழிச்சிட்டு வந்து நிக்கிறா. என் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்கு."

ரஹ்மத் பீவி மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு வந்தவளும் இவளும் ஒரே ஆளுதானா?"

"வேற யாரு வருவா?"

"இல்லங்க, நான் கேக்கறது வேற. அன்னிக்கு அவ மூஞ்சியப் பாத்தீங்களா?"

அப்துல் சமது தட்டை விட்டு எழுந்துவிட்டார். கேள்வி குத்திய இடம் அப்படி. அந்த ஐப்பசியில் மூன்று நாளாக அடைமழை. நனைந்த முந்தானையைத் தலையோடு இழுத்து முக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். காய்ச்சல் என்றான் தேவநாதன். 'அண்ணி' என்று கூப்பிட்டான். அவள் தலையை ஆட்டினாள். மழைக்கு ஒதுங்கிய கூட்டம், ஆபீஸ் மூடுகிற நேரம். இவர் கையெழுத்தைப் போட்டார். அவ்வளவுதான். முகம் என்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. வராமல் போனதற்கும் அவர் தெய்வநாயகியைத்தான் கோபித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் போனார். தெய்வநாயகி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகக் குப்பத்தில் சொன்னார்கள். ஆஸ்பத்திரி என்றால் ஓடு போட்ட இரண்டு அறை. அங்கே புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற அந்தோணிசாமி அவள் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் எட்டு வருஷம் இருந்தவர். அவர் காலடியில் பனையோலையில் மடித்த மீன் பொட்டலம் ஒன்று இருந்தது. அப்துல் சமதுவின் கண் முதலில் அதன் மேல்தான் போனது. ஓகோ, கவனிப்பெல்லாம் நடக்கிறதா என்று நினைத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு போட்ட கையா இது, பாத்துச் சொல்லுப்பா" என்றார்.

"சுண்ணாம்பு வெந்தா இப்டி இருக்காது பாய். பொத்துப் புண்ணா நிக்கும். இது ஊறி ஊறித் தேஞ்சது. பத்து வெரலும் பாரு, ஒரே மாதிரி. கள்ளத்தனம் பண்றவ ஒரு வெரலத்தான தேய்ப்பா?"

அப்துல் சமது பார்த்தார். பத்து விரலும் நுனியில் சிவந்து, பளபளவென்று, நகக்கண் ஓரம் வெடித்து இருந்தன. கெட்டிக்காரியாக இருந்தால் பத்தையும் தேய்த்திருப்பாள் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது.

"தேறுமா?"

"தேறாம இன்னா? தோலுன்னா மேல போத்துன துணி இல்ல பாய், பழசாச்சின்னா கிழிஞ்சே கெடக்க. அடியில புதுசு பொறந்துகினே இருக்கும். பொறந்தது கொஞ்சங் கொஞ்சமா மேல ஏறும். மேல வந்ததும் செத்துக் காஞ்சி உதுந்து பூடும். தெனம் குளிக்கறப்ப அழுக்குன்னு தேய்ச்சி எடுக்கறமே, அதுல பாதி செத்த தோலுதான். அடியிலேர்ந்து மேல வர ஒரு மாசம் புடிக்கும். வயசான ஒடம்புக்கு இன்னுங் கொஞ்சம் கூட ஆவும். இந்தம்மாவுக்கு இன்னாச்சின்னா, புதுசு ஏறி வர்ற வேகத்த வுட எறாத் தண்ணி அரிக்கிற வேகம் ஜாஸ்தி."

"சரி, ரேகை? புதுத் தோலு வந்தா புது ரேகைதான வரும்?"

அந்தோணிசாமி இல்லையென்று தலையாட்டினார். "ரேகையோட அச்சு அடித்தோல்ல இருக்குது. மேல எவ்ளோ தேஞ்சாலும் அதே அச்சுல அதே கோடுதான் எழும்பும். ஆழமா வெந்தாலோ வெட்டுப்பட்டாலோ தழும்பு வுழும். அப்பகூட மத்த கோடு மாறாது."

அப்புறம் தெய்வநாயகி பக்கம் திரும்பி வரிசையாகச் சொன்னார். கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. சோடா சோப்பு, சாம்பல் எதுவும் கையில் படக்கூடாது. பச்சைத் தண்ணியில் கழுவணும், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். கழுவினால் பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுக்கணும், விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. கை முழுக்கக் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவிவிடணும். "முக்கியமா, உரியற தோலப் பிச்சி எடுக்காத. அது அதும் பாட்டுக்கு வுழும்" என்றார்.

"கம்பெனிக்குப் போவாம சோத்துக்கு இன்னா பண்றது?" என்றாள் அவள்.

"அத நீதாம்மா பாத்துக்கணும்."

வெளியே வந்ததும் அப்துல் சமதுவிடமும் ஒரு ஓலைப் பொட்டலத்தை நீட்டினாள். "சங்கரா மீனு. எங்கண்ணன் வலையில வந்தது. எட்த்துனு போ பாய்."

"எனக்கு எதுக்கு? என்னையும் மடக்கலாம்னு பாக்குறியா?"

அவள் பொட்டலத்தைத் திரும்பக் கூடையில் போட்டுக்கொண்டாள். "தூரத்துலேர்ந்து வந்த மனுசனாச்சேன்னு குடுத்தேன். மடக்கறதுக்கு உன்னாண்ட இன்னா இருக்குது?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

முதல் வாரம் எடுத்த ரேகையில் திட்டுக்குள் ஆங்காங்கே புள்ளி புள்ளியாக வெள்ளை தெரிந்தது. அவ்வளவுதான். அப்துல் சமது அதை ஒரு நீலக் காகிதத்தில் தேதி போட்டு வைத்தார். ஆனால் அவள் சொன்னபடி வேலைக்குப் போகாமல் இருக்கிறாளா என்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. இறால் கம்பெனிக் கொட்டகைக்கு எதிரே டீக்கடை இருந்தது. இரண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, உள்ளே போகிற வருகிற பெண்களை எண்ணினார். முதல் நாள் அவள் வரவில்லை. இரண்டாம் நாள் வந்தாள். நினைத்தேன் என்று பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தார். அவளோ கொட்டகைக்குள் போகாமல் நேரே டீக்கடைக்கு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"வேவு பாக்குறியா பாய்?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்துல் சமது மடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

"நேத்தே உன்னைய எங்க பொம்பளைங்க பாத்துட்டு வந்து சொல்லிட்டாளுங்க. பாத்துக்கோ." இரண்டு கையையும் விரித்து அவர் மூக்கு நேரே காட்டினாள். எண்ணெய் வாசனை அடித்தது. "மூணு வூட்டுக்கு நெல்லு தூத்திப் பொடைச்சிப் போட்டு வவுத்தக் கழுவுறேன். எறா தொட்டு எட்டு நாளாச்சி. வேற இன்னா பாக்கணும் உனுக்கு?"

அன்றைக்குச் சைக்கிள் மிதித்து வரும்போது வழியெல்லாம் அவருக்கு முகம் எரிந்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. இவ்வளவு தைரியமாகக் கையைக் காட்டுகிறவள் பொய் சொல்லுவாளா என்று ஒரு பக்கம் தோன்றும். பொய் சொல்லுகிறவர்களுக்குத்தான் இவ்வளவு தைரியம் வரும் என்று இன்னொரு பக்கம் தோன்றும்.

பத்தாம் நாள் தேவநாதன் அவர் வீட்டுக்கே வந்தான். ஆள் வழக்கத்தைவிடப் பணிவாக இருந்தான். ரஹ்மத் பீவி கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்தான்.

"அண்ணி கை எப்டி பாய் இருக்குது?"

"பரவால்ல. லேசா தெரிய ஆரம்பிச்சிருக்கு."

அவன் முகத்தில் ஓடிய மாற்றத்தை அப்துல் சமது கவனித்தார். நல்ல செய்தி கேட்ட முகம் இல்லை அது. ரேகை தெளிவாக வந்தால் தன் பத்திரம் செல்லும் என்று மகிழவேண்டியவன் இவனல்லவா?

"பாவம், எவ்ளோதான் சண்ட போட்டாலும் அண்ணியாச்சே" என்று தேவநாதன் பையிலிருந்து ஒரு சின்ன பழுப்பு நிறச் சீசாவை எடுத்தான். மேலே காகிதம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. "டவுன்ல ஒருத்தராண்ட கேட்டு வாங்கினேன். தோலு சீக்கிரம் புதுசாவுமாம். நான் குடுத்தேன்னா வாங்காது. நீ குடுத்த மாதிரி குடு பாய். தெனம் ரெண்டு வேள கட்ட வெரல்ல தடவச் சொல்லு."

"கட்டை விரல்ல மட்டும் போதுமா? மத்த ஒம்போது?"

தேவநாதன் ஒரு நொடி தடுமாறி, "கைநாட்டுக்கு அதான வேணும்?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

சீசாவைத் திறந்து மோந்து பார்த்தார். மூக்கைக் குத்தும் ஈதர் வாடை. அந்தோணிசாமியிடம் காட்டலாம் என்று புறப்பட்டவர் வாசலிலேயே நின்றார். அந்தோணிசாமி மீன் வாங்கித் தின்கிற ஆள்; அவன் சொல்வதை எப்படி நம்புவது? தேவநாதனையும் நம்ப முடியவில்லை. கடைசியில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினார். அவரே.

மேசையில் உட்கார்ந்து தன் இடது கைச் சுண்டு விரலை மையில் உருட்டி, ஒரு காகிதத்தில் பதித்துத் தேதி போட்டார். அப்புறம் சீசா மருந்தை அந்த விரலில் தடவினார். குளிர்ந்தது, காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. இரண்டு வேளை, தவறாமல்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றாள் ரஹ்மத் பீவி.

"ஒண்ணுமில்ல. பரீட்சை."

மூன்றாம் நாள் விரல் நுனி வெளுத்துச் சுருங்கியது. ஐந்தாம் நாள் குளிக்கும்போது அந்தத் தோல் வெங்காயச் சருகு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் ரோஜா நிறத்தில் எரிச்சலோடு ஒரு புதுச் சதை. அதை மையில் உருட்டிப் பார்த்தார். திட்டு! தெய்வநாயகியின் விரலை முதல் நாள் எடுத்தபோது விழுந்த அதே மொழுக்கைத் திட்டு.

அப்துல் சமது இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சீசாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அந்தோணிசாமியிடம் போனார். அவர் மூடியைத் திறந்ததுமே சொல்லிவிட்டார்.

"கால் ஆணி மருந்து பாய் இது. குதிகால்ல காய்ச்சிப்போன தோல உரிக்கறதுக்கு. இத எவன் வெரல்ல போடச் சொன்னான்?"

"ஒருத்தன்."

"அவன், வெரலு தேறக் கூடாதுன்னு நெனக்கிறவனா இருப்பான்."

அப்துல் சமது உரிந்த சுண்டு விரலை மட்டும் காட்டினார். அந்தோணிசாமி சிரிக்கவில்லை. எண்ணெய் போடு, ஈரம் படாமல் பார்த்துக்கோ, நீயும் பிய்த்து எடுக்காதே என்று அவளுக்குச் சொன்னதையே இவருக்கும் சொன்னார்.

வருகிற வழியில் அலரிமேட்டு வாய்க்கால் மதகில் சைக்கிளை நிறுத்தி உட்கார்ந்தார். தேவநாதன் பொய்யன் என்று இப்போது நிச்சயமாகிவிட்டது. அப்படியானால் அந்த ஐப்பசி மழையில் முக்காடு போட்டு நின்றவள் தெய்வநாயகி இல்லை. அப்படியானால் 'எனக்கு நேரில் தெரியும்' என்று கையெழுத்துப் போட்டவன் யார்? இத்தனை நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட புத்தி, முதலில் பார்த்திருக்க வேண்டிய இடத்தைக் கடைசியில் வந்து பார்த்தது.

சீசாவை அவர் தெய்வநாயகியிடம் கொடுக்கவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் தன் பங்கையும் சொல்லவேண்டி வருமே என்ற பயம். வழியில் பார்த்த தேவநாதன், "தடவுதா?" என்றபோது, "ம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் வாரம் எடுத்த ரேகையில் ஓரங்களில் கோடு எழும்பியிருந்தது, அறுந்து அறுந்து, உழுத நிலத்தைத் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி. ஐந்தாம் வாரம் நடுவும் தெரிந்தது. அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கமாக நுழைந்து, வளைந்து, அதே பக்கமாக வெளியே போகிற கோடுகள். சங்கு ரேகை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பதிவேட்டில் விழுந்தது சக்கர ரேகை. நடுவில் பம்பரம் மாதிரிச் சுற்றி நின்ற அந்தச் சுழியைச் சார்பதிவாளர் மனு வந்த அன்றே அவருக்குக் காட்டியிருந்தார்.

கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. உரிந்து வளர்ந்ததில் ரேகை மாறியிருக்குமோ? தன் சுண்டு விரலை எடுத்துப் பார்த்தார். புதுத் தோல் வந்து கெட்டியாகியிருந்தது. மையில் உருட்டி, மருந்து தடவுமுன் எடுத்த காகிதத்தின் பக்கத்தில் பதித்தார். கோட்டுக்குக் கோடு, கிளைக்குக் கிளை, பழைய விரலேதான். அந்தோணிசாமி சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

ரஹ்மத் பீவியைக் கூப்பிட்டுச் சொன்னார். "அன்னிக்கு நான் மூஞ்சியப் பாக்கல."

அவள் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தபடி, "தெரியும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "இத மறைச்சா மறைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும். நான்தான வாரா வாரம் எடுக்கறேன். கொஞ்சம் அசைச்சி எடுத்தா மை பூசிக்கும். தேறலன்னு எழுதிடலாம். கோர்ட்டுல அவளால எத்தன வருசம் இழுக்க முடியும்?"

"அப்ப மறைக்கப் போறீங்களா?"

"தெரியல."

"நம்ம பொண்ணு சல்மா கட்டிக்கினு போன வூட்ல யாராவது அவ பேர்ல இப்டி ஒரு கைநாட்டு வெச்சா, சாட்சி போட்டவன நீங்க இன்னா சொல்லுவீங்க?" என்றாள் ரஹ்மத் பீவி. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தவணை நாளன்று மறுபடி மூவரும் அதே மேசைக்கு முன்னால் நின்றார்கள். தேவநாதன் நிம்மதியாக இருந்தான். ஒரு மாசமாகக் கால் ஆணி மருந்து வேலை செய்திருக்கும் என்று நம்பியிருந்தான். தெய்வநாயகி அப்துல் சமதுவைப் பார்க்கவே இல்லை. இவர் தன் கையை என்ன செய்துவிடுவாரோ என்கிற மாதிரி, விரலை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"பாய் தொட வேணாம் சார். நீங்களே எடுங்க" என்றாள்.

சார்பதிவாளர் அப்துல் சமதுவைப் பார்த்தார். "அந்தம்மா சொல்றது சரி சார், நீங்களே எடுங்க" என்று இவர் ஒதுங்கிக்கொண்டார். சார்பதிவாளர் எடுத்தார். காகிதத்தில் சங்கு பளிச்சென்று விழுந்தது. தேவநாதன் எட்டிப் பார்த்தான்.

"இது... இது மாறிப்போயிருக்கும் சார். தோலு உரிஞ்சி புதுசா வந்தது..."

அப்துல் சமது நீலக் காகிதங்களை வரிசையாக மேசையில் வைத்தார். பக்கத்தில் தன் சுண்டு விரலின் மூன்று பதிவுகளையும் வைத்தார். அதற்குப் பக்கத்தில் சீசாவை வைத்தார்.

"ரேகை மாறாது சார். நான் போட்டுப் பாத்துட்டேன். இந்த மருந்த அந்தம்மா வெரல்ல தடவச் சொல்லி தேவநாதன் என்னாண்ட குடுத்தான். நான் குடுக்கல." சீசாவைச் சார்பதிவாளர் பக்கம் நகர்த்தினார். "இன்னொன்னும் எழுதிக்கணும் சார். எழுபத்தெட்டுல வந்தவ மூஞ்சிய நான் பாக்கல. பாக்காமயே தெரியும்னு கையெழுத்துப் போட்டேன்."

தேவநாதன் கத்தினான். பாய் காசு வாங்கிவிட்டான் என்றான், அண்ணிக்கும் அவருக்கும் தொடுப்பு என்றான். சார்பதிவாளர் எழுதிக்கொண்டே இருந்தார். தெய்வநாயகி முதல் தடவையாக அப்துல் சமதுவின் முகத்தை நேராகப் பார்த்தாள். அதில் நன்றி ஒன்றும் இல்லை. கரையில் நின்று மேகத்தைப் பார்க்கிற மாதிரி, இது இன்னும் எந்தப் பக்கம் திரும்புமோ என்று பார்த்தாள்.

இரண்டு ரேகையும் வேறு வேறு ஆளுடையவை என்று நிபுணர் அறிக்கை வர இரண்டு மாசமாயிற்று. போலீஸ் தேவநாதனைக் கேட்ட கேள்வியில் முக்காடு போட்டவள் யாரென்பதும் வெளியே வந்தது. கரிக்கலாம்பாக்கத்தில் நடவுக்குப் போகிற ராமாயி என்றொருத்தி. சாட்சிக் கையெழுத்து என்று சொல்லிக் கூட்டிவந்தானாம், ஒரு புடவை வாங்கிக் கொடுத்தானாம். கோர்ட்டில் பத்திரம் ரத்தாவதற்கு மேலும் ஒன்றரை வருஷம் ஓடியது. தேவநாதன் ஆறு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்து, குப்பத்தில் தலைகாட்ட முடியாமல் மாமியார் ஊருக்குப் போய்விட்டான். அப்துல் சமதுவின் லைசென்ஸ் பறிபோனது. மச்சான் நிஜாமுதீன் வில்லியனூரில் வைத்திருந்த ஜவுளிக்கடையில் துணி அளக்கப் போனார்.

அங்கே போன புதிதில், சரக்கு எடுக்கக் கடலூர் போய்த் திரும்பும் வழியில் தவளக்குப்பத்தில் பஸ் மாற இறங்கினார். தோப்பு ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தாள் தெய்வநாயகி. எறா கம்பெனியை அவள் விட்டுவிட்டாள். கம்பெனிப் பெண்கள் நாலு பேர் வேலை முடிந்து அவள் கொட்டகைக் குடத்தில் கை கழுவி, துணியில் ஒற்றி, அவள் வைத்திருந்த கிண்ணத்தில் எண்ணெய் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார்கள். "இடுக்குல தொடைடீ, இடுக்குல" என்று ஒருத்தியை அதட்டிக்கொண்டிருந்தாள்.

அப்துல் சமது தயங்கி நின்றார். அவளே பார்த்துவிட்டாள்.

"வா பாய். ஜவுளிக்கடையிலயாமே?"

"ஆமா." துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "என் மேல கோவம் போச்சாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

தெய்வநாயகி அரிவாளைக் கட்டையில் கொத்திவிட்டு நிமிர்ந்தாள். "எங்கப்பன் வெச்ச மரத்த மூணு வருசம் ஒருத்தன் தன்னுதுன்னு எழுதி வெச்சினு இருந்தான், நீ போட்ட கையெழுத்தால. அது எப்டி பாய் போவும்? ஆனா அன்னிக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் இங்க நிக்க மாட்டேன். அதுவும் போவாது. ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்."

வில்லியனூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அவள் ஒரு இளநீரைச் சீவி அவர் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. பஸ் போனால் போகிறது, அடுத்ததில் போகலாம் என்று கொட்டகை நிழலில் உட்கார்ந்து குடித்தார்.